ஒருவரும் குறையவில்லை

அத்தியாயம் 11

வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த கெட்டிலையும் நேற்று மாலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதனால் வெள்ளிக்கிழமை காலையில் மரேத்தா மீன் அவிக்கும் சட்டியில்தான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். முதல் வாய் குடித்ததும் உரியாம் முகத்தைச் சுளித்தான்.

"உப்பு."

"நேத்தைவிட ஜாஸ்தியா?"

"நேத்து கண்ணீர் மாதிரி இருந்தது. இன்னிக்குக் கடலே உள்ள வந்துடுச்சு."

கிணறு வீட்டிலிருந்து எட்டடி. கடல் முப்பதடி. இந்த மாதத்துப் பெரிய ஓதம், கடலேற்றம், இன்று மாலை நாலு நாற்பதுக்கு உச்சம் தொடும் என்று வானொலி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வானொலி இருந்த வீடுகளில் கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். இந்த வீட்டு வானொலி போய் ஒரு மாதம் ஆயிற்று.

குலுக்கலில் மரேத்தாவின் பெயர் விழுந்து இன்றோடு ஐந்து மாதம். குடும்பத்தோடு நியூசிலாந்தில் குடியேறலாம். அங்கே ஒரு வேலை உறுதியாகியிருக்க வேண்டும். விண்ணப்பித்தவருக்கு ஆங்கிலம் பேச வரவேண்டும். வேலைக் கடிதம் வந்துவிட்டது, கிவிப்பழத்தைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில். ஆங்கிலம் இன்று மதியம் ஒரு மணிக்குத் தெரிந்துவிடும். பைரிக்கியில், குடியேற்ற அதிகாரியிடம் நேர்காணல்.

அவர்கள் செய்த தவறு ஒன்றே ஒன்று. செய்தி வந்த அன்றைக்கே ஊர்க் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விருந்து வைத்துச் சொல்லிவிட்டார்கள். நல்ல செய்தியை மறைத்துவைக்க இந்தத் தீவில் யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து உறவுகள் வரத் தொடங்கின.

புபுசி என்று இதற்குப் பெயர். சொந்தக்காரர் வந்து எதிரே உட்கார்ந்து, 'உன்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்' என்று தொடங்கினால், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்று சொன்னவன் கூடத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று வந்தவர்கள் எல்லோருக்கும் தோன்றியது. மோட்டார் படகு வைத்திருந்த மாமன் ஈத்தாக்கா தையல் இயந்திரத்தைக் கேட்டார். சைக்கிள் போனது. மேற்குப் பக்கத்துத் தகரங்கள் இரண்டு போயின. மூன்று வாரத்துக்கு முன்னால் சித்தி மகள் வந்து ஆங்கில அகராதியைக் கேட்டாள்.

"அங்க போனா எல்லாரும் ஆங்கிலம்தானே பேசுவாங்க. உனக்கு அகராதி எதுக்குடி?"

மரேத்தா எடுத்துக் கொடுத்தாள்.

யாரும் கேட்காமல் விட்டது ஒரு புத்தகம்தான். உரியாம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த பதினோரு வருஷமும் அவன் படுக்கைக்கு அடியில் கிடந்த பாதுகாப்புப் பயிற்சிக் கையேடு. அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. அவளுடைய ஆங்கிலம் மொத்தமும் அதிலிருந்து வந்தது.

"கடைசியா ஒரு தடவை," என்று உரியாம் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தரையிலிருந்து இடுப்புயரத்தில் கழிகளால் கட்டிய மேடை. இப்போதெல்லாம் அவன் பகலும் இரவும் அதில்தான். இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதி கொண்டுபோனது.

அவன் ஆங்கிலத்துக்கு மாறினான். "ஆபத்து மணி ஒலிக்கிறது. நீ என்ன செய்வாய்?"

"உயிர்காப்பு உடையை அணிவேன். மேல்தளத்துக்குச் செல்வேன். ஆட்களை எண்ணுவேன்."

"எத்தனை பேர்?"

"மூன்று பேர். ஒருவரும் குறையவில்லை."

"ஒருத்தர் குறைஞ்சா?" இது அவர்கள் பாஷையில்.

"'ஒருவர் குறைகிறார்'னு கத்தணும். கப்பலைத் திருப்பணும்."

"புயல் அடிச்சா?"

"அடிச்சாலும் திருப்பணும். எத்தனை தடவை கேப்ப? பழக் கொட்டகையில எவன் கப்பல் ஓட்டறான்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒழுங்கான ஆங்கிலம் இதுதான். மிச்சமெல்லாம் துறைமுகத்துச் சாராயக்கடை ஆங்கிலம். அதைச் சொல்லிக்கொடுத்தா உன்னை விமானத்துப் படியிலயே இறக்கிவிட்டுருவாங்க."

"ஒண்ணு சொல்லுங்கப்பா, ஒண்ணே ஒண்ணு," என்றாள் ரீத்தே. ஒன்பது வயது. கையேட்டில் அம்மாவுக்கு முன்னால் பத்துப் பக்கம் போய்விட்டவள்.

"கல்யாணத்தன்னிக்குச் சொல்றேன். போ."

முப்பத்தாறு வயதில் மரேத்தாவின் நாக்கு மரக்கட்டையாக இருந்தது. முதல் மாதம் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. பிறகு ஒருநாள், அவளுடைய அப்பா வெட்டிய கிழங்குக் குழியில் உப்பேறி, பபாய்க் கிழங்கு முழுவதும் கையில் பிசைந்த சோறாக வந்தது. அன்று குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். இந்த மண் இனி எதையும் தரப்போவதில்லை என்பதை அழுகை முடிவதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் கையேட்டை அவளே திறந்தாள். மீன் கழுவும்போது ஒரு வரி, பாய் முடையும்போது ஒரு வரி. அதற்குப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை.

"பிக்கெனிபேயு ஊர்ல ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்," என்றான் உரியாம், தேநீரைப் பார்த்தபடி. "ஆங்கிலம் தேறிடுச்சாம். மருத்துவப் பரிசோதனையில அந்த அம்மாவுக்குக் கிட்னி சரியில்லைன்னு..."

"அது வதந்தி."

"அவங்க கதை வதந்தியா இருக்கலாம். என் கால் வதந்தி இல்லையே."

அவள் பதில் சொல்லுமுன் வெளியே ஒரு குரல் கேட்டது.

உரியாமின் அண்ணன் இயோதெபா. ஓனோத்தோவா தீவிலிருந்து நேற்று வந்த கப்பலில் வந்திறங்கியிருந்தார். தோளில் புதுப் பாய் ஒன்று, இரண்டு பாட்டில் கள்ளுப் பாகு, காயவைத்த தாழம்பழம் ஒரு கட்டு, இலையில் சுற்றிய உப்புமீன். இத்தனை பொருளோடு வருகிறவர் பெரிதாகத்தான் ஏதோ கேட்பார் என்று மரேத்தாவுக்குத் தோன்றியது.

"என்னடா தம்பி, வீட்டைக் காத்து தூக்கிட்டுப் போச்சா?"

"காத்து இல்லண்ணே. சொந்தக்காரங்க."

இயோதெபா வாய்விட்டுச் சிரித்தார். ஆறடி ஆள். சிரிக்கும்போது மேடை ஆடியது. மரேத்தா சோறும் மீனும் வைத்தாள். அவர் ஊர்க் கதை சொன்னார், யார் வலையில் சுறா விழுந்தது, பாதிரியார் எப்படிப் படகிலிருந்து விழுந்தார் என்று. ரீத்தே அவர் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அவர் மேடையிலிருந்து இறங்கித் தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

மரேத்தாவின் கை நின்றது. மூத்தவர் கீழே உட்காருவது ஒன்றுக்காகத்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்."

உரியாம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"ரீத்தேயை எனக்குக் கொடு."

வீட்டுக்குப் பின்னால் அலை ஒன்று வந்து கல்லடுக்கில் மோதிவிட்டுப் போனது.

"எனக்குப் பிள்ளை இல்லை. பொண்டாட்டி போயிட்டா. நீங்களும் போறீங்க. நம்ம அப்பா நெலத்துல நாளைக்கு யாரு நிப்பா? ஒருத்தராவது மிதிச்சாத்தான் அது நம்ம நெலம். இல்லாட்டி அடுத்தவன் தேங்கா பொறுக்குவான். நான் அவளை ராணி மாதிரி வெச்சுக்குவேன், தெரியுமில்ல?"

தெரியும். இந்தத் தீவுகளில் அண்ணன் பிள்ளை தம்பி வீட்டிலும் தம்பி பிள்ளை அண்ணன் வீட்டிலும் வளர்வது புதிதல்ல. இவர் கெட்டவரும் அல்ல. அழுகின காலோடு உரியாமைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், பவளப் பாறை பாதத்தைக் கிழிக்க, கப்பல்வரை நடந்தவர் இவர்தான்.

உரியாம் இல்லாத காலின் இடத்தைக் கையால் தடவினான்.

"சரிண்ணே," என்றான்.

கணவனின் அண்ணன் கேட்கும்போது இடையில் பேச அவளுக்கு வாயில்லை. அவள் கேட்டது இதுதான்: "பெரியத்தான், இன்னும் கொஞ்சம் மீன் வைக்கட்டுமா?"

"போதும்மா. நாளைக் காலையில கப்பல். அதுக்குள்ள அவ துணியெல்லாம் கட்டி வெச்சிரு."

வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில், அவள் உரியாமைப் பிடித்தாள். அவன் ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு நின்றான்.

"எப்படிச் சொன்ன? உனக்கு வாய் எப்படி வந்தது?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"இல்லைன்னு சொல்லு!"

"அவர் முகத்தைப் பார்த்தா? நீ சொல்லுவியா?"

அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"மூணு மணி நேரத்துல யாரோ ஒருத்தர் என்னைப் பார்த்து எத்தனை பேர்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லணும்? நீயே சொல்லு. ரெண்டா?"

"உன் வாயில எது வருதோ அதைச் சொல்லு. அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ பஸ்ஸைப் பிடி." பிறகு, எதையோ தேடுகிறவன்போல வீட்டைப் பார்த்தான். "என் நீலச் சட்டை எங்க?"

"நேர்காணல் உனக்கா எனக்கா?"

"அண்ணன் வந்திருக்கார். நல்லதா ஒண்ணு போட்டுக்கறேனே."

அவள் சட்டையை எடுத்து அவன் தோளில் எறிந்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் பைரிக்கியை நெருங்கும்போதே கடல் பக்கத்து நீர்த்திவலை கண்ணாடியில் விழுந்தது. ஓதம் உச்சத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. "இப்பவே இப்படியா?" என்று யாரோ சொன்னார்கள். ஓட்டுநர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

அதிகாரி நரைத்த குட்டைமுடிப் பெண்மணி. மேஜையில் மின்விசிறியும் ஒரு கோப்பும் மட்டும். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டாள். மரேத்தா சொன்னாள். பிறகு, வேலை செய்யும் கொட்டகையில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

மரேத்தா முதுகை நிமிர்த்தினாள். ஐந்து மாதமும் நாக்கில் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"ஆபத்து மணியை ஒலிப்பேன். எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுவேன். ஆட்களை எண்ணுவேன். ஒருவரையும் விட்டுச் செல்லமாட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "இதை எங்கே கற்றீர்கள்?"

"என் கணவர் சொல்லிக்கொடுத்தார். அவர் கப்பலில் இருந்தார்."

"நல்ல ஆசிரியர்." அவள் கோப்பைப் புரட்டினாள். "உங்களோடு எத்தனை பேர் வருகிறார்கள்?"

மின்விசிறி இடமிருந்து வலமாகத் திரும்பியது. இயோதெபாவின் கால்களை மரேத்தா நினைத்தாள், பாறை கிழித்த தழும்புகளை. காலையில் தன் வீட்டில் கொடுக்கப்பட்ட வாக்கை நினைத்தாள். தன் பாஷையில் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். இந்த அறையில், இந்தப் பாஷையில், அவளுக்கு மாமனும் இல்லை மூத்தாரும் இல்லை.

"மூன்று பேர்," என்றாள். "ஒருவரும் குறையவில்லை."

"உங்கள் ஆங்கிலம் போதும்." அதிகாரி கையெழுத்திட்டாள். "திங்கட்கிழமை காலை எட்டு மணி. மருத்துவப் பரிசோதனைக்கு மூவரும் வரவேண்டும். ஒருவர் வராவிட்டாலும் கோப்பு மொத்தமும் நின்றுவிடும். விவரத்தில் மாற்றம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், திருத்திவிடலாம்."

"மாற்றம் இல்லை."

மரேத்தா வெளியே வந்தாள். தேறிவிட்டாள். இன்று ராத்திரிக்குள் இயோதெபாவிடம் என்ன சொல்வது என்பது மட்டும் பாக்கி.

பஸ் நிற்கும் இடத்தில் பத்துப் பேர், தீவு வளைத்து நின்ற உள்கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேத்தியோ என்ற துறைமுகத்திலிருந்து, பச்சைப் பட்டை போட்ட கப்பலொன்று மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

"அது ஓனோத்தோவா கப்பல் இல்ல?" என்றாள் மரேத்தா. "நாளைக்குத்தானே போகும்?"

"கேப்டன் பயந்துட்டான்," என்றார் தேங்காய் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தவர். "ராத்திரி துறைமுகத்துல கட்டியிருந்தா அலை கப்பலைச் சுவத்துல மோதவிட்டு நசுக்கிரும். மதியமே ஆள் அனுப்பி எல்லாரையும் ஏத்திக்கிட்டான். பவளப் பாறைக்கு நடுவுல இருக்கற வாய்க்கால் பக்கத்துல நங்கூரம் போட்டுட்டு நிப்பான். ஓதம் முழுசா ஏறினதும் வெளிய போயிருவான்."

இயோதெபா காலையில் சொன்னது காதில் ஒலித்தது. துணியெல்லாம் கட்டி வெச்சிரு.

பஸ் பாதி வழியில் நின்றது. தார்ச்சாலைக்குமேல் தண்ணீர் ஒரு பக்கத்துக் கடலிலிருந்து மறுபக்கத்துக் கடலுக்கு அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மரேத்தா இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கணுக்கால். கெண்டைக்கால். சர்ச்சைத் தாண்டும்போது ஓடினாள். யாருடைய பன்றியோ கழுத்தளவுத் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளும் தண்ணீர். மேடைக்குக் கீழே தேங்காய் மட்டைகள் மிதந்தன. மேடையின் நடுவில், துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ரீத்தே உட்கார்ந்திருந்தாள்.

மரேத்தா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தலைமுடியை முகர்ந்தாள். "போகலையாடி? நீ போகலையா?"

"இல்லம்மா."

"பெரியப்பா?"

"போயிட்டாரு."

"அப்பா எங்க?"

ரீத்தே மூட்டையின் முடிச்சைத் திருகினாள். ஊன்றுகோல் வழக்கமாகச் சாத்தியிருக்கும் மூலை காலியாக இருந்தது.

"கப்பல்லேர்ந்து ஆள் வந்தாங்க. உடனே கெளம்பணும்னு. பெரியப்பா என் துணியைக் கட்டினாரு. அப்ப அப்பா நீலச் சட்டை போட்டுக்கிட்டுக் கீழ எறங்கி, பெரியப்பாவுக்கு எதிர்ல தரையில உட்கார்ந்தாரு. ஒத்தைக் காலோட, கஷ்டப்பட்டு. 'உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன்'னு சொன்னாரு."

"என்ன கேட்டாரு?"

"'அவளை எனக்குத் திருப்பிக் கொடு. நெலத்துல நிக்கறதுக்கு ஒத்தைக் கால் போதும்'னு." ரீத்தே மூட்டையை இறுக்கிக்கொண்டாள். "பெரியப்பா அழுதாரும்மா. அவராலயும் இல்லைன்னு சொல்ல முடியலை. அப்பாவை முதுகுல தூக்கிக்கிட்டுப் போனாரு."

தண்ணீர் மேடைக்கால்களைச் சுற்றிச் சுழித்தது. அந்தக் கப்பல் மறுபடி இங்கே வர மூன்று வாரம். மூவரும் பரிசோதனைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு மூன்று நாள்.

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

"தான் கூட இருந்தா பரிசோதனையில நம்மளையும் சேர்த்துத் தள்ளிருவாங்களாம். நீ படிக்கறதை விடக்கூடாதாம். தெனம் சாயந்திரம் நான் கேக்கணுமாம், ஒரு பக்கம்." கையேட்டை மூட்டைக்குள்ளிருந்து எடுத்தாள். நனையாமல் மெழுகுத்தாளில் சுற்றியிருந்தது. "ஒரு கேள்விக்கு மட்டும் பதில் மாறிடுச்சாம்."

"எதுக்கு?"

ரீத்தே அப்பா உட்காரும் இடத்துக்கு நகர்ந்து, அவனைப்போலவே நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எத்தனை பேர்?"

மரேத்தா தகரம் போன மேற்குச் சுவரின் இடைவெளி வழியாகப் பார்த்தாள். உள்கடல் சாலையோடு சமமாகிவிட்டது. தொலைவில், வாய்க்கால் பக்கம், பச்சைப் பட்டை இன்னும் அசையாமல் நின்றது. மேகம் அதன்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"இரண்டுன்னு சொல்லணும்மா. 'இரண்டு பேர், ஒருவரும் குறையவில்லை.' அப்பா மூணு தடவை சொல்லிக்கொடுத்தாரு."

"மூன்று பேர்," என்றாள் மரேத்தா, ஆங்கிலத்தில். "ஒருவர் குறைகிறார்."

ரீத்தே அவளையே பார்த்தாள். பிறகு கையேட்டைப் பார்த்தாள். அடுத்த வரியைப் படிக்க அவளுக்குப் பக்கம் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

மரேத்தா மேடையிலிருந்து இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, மூன்று வீடு தள்ளி நடந்தாள். அங்கே தென்னையில் கட்டிய மோட்டார் படகு கயிற்றை இழுத்து இழுத்து ஆடிக்கொண்டிருந்தது. மாமன் ஈத்தாக்கா அதை இரண்டாவது கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மரேத்தா! இந்தத் தண்ணியில எங்க கெளம்பிட்ட? வீட்டுக்குப் போ. இன்னும் ஏறும்."

ஐந்து மாதமாக வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தவள். ஒருமுறைகூட யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மகளை அவருடைய வீட்டு மேடைமேல் இறக்கிவிட்டாள். அவர் காலடியில், ஓடுகிற தண்ணீரிலேயே, மார்பு நனைய உட்கார்ந்தாள்.

ஈத்தாக்காவின் கையிலிருந்த கயிறு நழுவியது. என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை படகைப் பார்த்தார், ஒருமுறை கறுத்துவரும் கடலைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார் மெதுவாக. "இன்னிக்கு அதை மட்டும் கேக்காத."

"மாமா," என்றாள் மரேத்தா. "உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்."